என் பிள்ளைக்குப் பைத்தியப் பட்டம் கட்டாதீர்கள்

பொம்மையார்பாளையத்துக் கரையில் நிற்கும் என் மகனைப் பார்த்து, "அது மெண்டல்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்களே, உங்கள் வாயில் இருப்பது நாக்கா, நெருப்பா?

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் "சாப்பிட்டியாடா?" என்றே திருப்பிச் சொல்வான். படகு இன்ஜின் உறுமினால் காதைப் பொத்திக்கொண்டு மணலில் சுருண்டுவிடுவான். வலையின் மிதவைகளை வரிசையாக அடுக்குவான். ஒன்றை நகர்த்தினாலும் அலறுவான். அவனுக்கு இருப்பது ஆட்டிசம். இதற்கா இத்தனை பட்டம்? காத்துக் கருப்பு என்று வேப்பிலை அடித்தீர்கள். பெற்றவள் மீன்கூடையே கதியென்று கிடந்தாள், பிள்ளை கெட்டது என்று என் தலையில் பழி போட்டீர்கள். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் ஆட்டிசத்துக்குத் தாயின் பாசக்குறைவே காரணம் என்றார்கள். அது பொய் என்று தள்ளி எத்தனையோ வருஷமாகிறது. நீங்கள் மட்டும் விடமாட்டேன் என்கிறீர்கள்.

பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்: "மனநோய்ப் பிள்ளையைச் சேத்தா மத்த பிள்ளைங்க கெட்டுப்போகும்மா."

எனக்கும் படிக்கத் தெரியும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசத்தை அறிவுசார் குறைபாட்டில் வைத்திருக்கிறது. மனநோய்க்குத் தனி இடம். மனநல மருத்துவர்களின் புத்தகத்திலும் ஆட்டிசம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, மூளை வளர்ச்சிக் குறைபாடு என்ற தலைப்பில். சிறுவயது மனச்சிதைவு என்று கருதியதை அமெரிக்க மனநல மருத்துவர்களே 1980-இல் தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

பிறகும் ஏன் நோய் நோய் என்கிறீர்கள்? நோய் என்றால் மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். வளர்ந்த விதமே வேறு என்று ஒப்புக்கொண்டால் நீங்களல்லவா மாறவேண்டும்? வகுப்பில் சத்தத்தைக் குறைக்க வேண்டும், சொன்னதைப் பத்து முறை சொல்ல வேண்டும், படம் காட்டிப் பாடம் நடத்த வேண்டும். அதற்கு வளையாத முதுகுக்கு என் பிள்ளைமேல் ஒரு பேர்!

மனநோயாளி என்றால் மட்டும் இளப்பமா? 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்களே, அவர்களையும் ஒரு தாய்தானே பெற்றாள்?

அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவும் குறைபாட்டைக் காட்டிப் பிள்ளையை ஒதுக்கக் கூடாது என்பது சட்டம். நாளைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வருவேன். சேர்க்க முடியாதென்றால் காரணத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு இனி நான் திரும்பிப் போகமாட்டேன்.