கார்புரேட்டரைக் கழற்றுமுன்

உங்கள் வீட்டில் பழைய புல்லட் நிற்கிறதா? பி.எஸ். 6 விதி வந்த 2020-க்குப் பின் புதிய வண்டிகளில் கார்புரேட்டரைக் காண்பது அரிது. பழையதில் பார்த்துவிடுங்கள்.

என் வண்டி சில கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடும். மெக்கானிக் இருமுறை கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் பாயும் நுண்துளையான ஜெட்டை ஊதினார். பயனில்லை. ஒருநாள் நடுவழியில் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே போயிற்று, வண்டி கிளம்பியது! மூடியிலிருந்த காற்றுத்துளையைத் தூசி அடைத்திருந்தது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கினுள் அழுத்தமும் குறைந்தது. பிறகு கார்புரேட்டரின் மிதவை அறைக்குப் பெட்ரோல் எப்படி இறங்கும்? ஆண்டுதோறும் வகுப்பில் வளிமண்டல அழுத்தம் நடத்துபவன் நான். வெட்கமாகத்தான் இருந்தது!

ஆகவே, திருப்புளியைத் தொடுமுன் உற்றுப் பாருங்கள் என்பேன். 1 கிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். ஸ்பார்க் பிளக் முனையில் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் மிகுதி; வெளுத்திருந்தால் காற்று மிகுதி. காற்று வடிகட்டி அடைத்தாலும் கரி படியும். அதற்கு ஜெட்டைக் குறை சொல்வானேன்? மாதக்கணக்கில் நின்ற வண்டியானால், பழைய பெட்ரோலைப் பெரியவர் ஒருவரைக் கொண்டு வடித்துவிடுங்கள். அதில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை உறிஞ்சியிருக்கும்.