படுக்கையில் விழாத நோயாளிகள்

2025 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. சோரியாசிஸ் எனப்படும் செதில்படை நோய்க்கென 2014-இல் தனித் தீர்மானம் இயற்றியதும் இதே பேரவைதான். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் அழற்சி சார்ந்த தோல் நோய்களுக்கான மருத்துவம் வெகுதூரம் சென்றுவிட்டது. அது மங்கலம்பேட்டை போன்ற ஒரு பேரூராட்சிக்கு ஏன் வந்து சேரவில்லை என்பது, பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்குப் பிறந்த கேள்வி.

முன்பு செதில்படைக்கும் கரப்பானுக்கும் ஸ்டீராய்டு களிம்பு, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, புற ஊதா ஒளிச் சிகிச்சை ஆகியவையே பெரும்பாலும் கைகொடுத்தன. இன்று நோயெதிர்ப்பு மண்டலத்தில் அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட சமிக்ஞையை மட்டும் தடுக்கும் ஊசிமருந்துகள் உள்ளன. தீவிரக் கரப்பானுக்கான டுபிலுமாப் 2017-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கியூபாவின் மூலக்கூறு நோயெதிர்ப்பியல் மையத்துடன் இணைந்து பெங்களூருவின் பயோகான் உருவாக்கிய இட்டோலிசுமாப், செதில்படைக்காக 2013-இல் இங்கேதான் முதலில் சந்தைக்கு வந்தது. அடலிமுமாப் மருந்தின் உலகின் முதல் ஒப்புமருந்தை 2014 டிசம்பரில் அகமதாபாதின் சைடஸ் நிறுவனம், அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு வெளியிட்டது. அப்ரெமிலாஸ்ட் மாத்திரையை 2017-இல் கிளென்மார்க் கொண்டுவந்தது.

மருந்துகளைப் போலவே, யாருடைய தோலை மருத்துவம் பார்க்கக் கற்றது என்பதும் முக்கியம். பாடநூல்களில் தோல் அழற்சியின் முதல் அடையாளம் 'சிவத்தல்'. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் முறைகளிலும் சிவப்புக்குத் தனி இடம் உண்டு. மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு ஊதாவாகவோ சாம்பலாகவோ கருமையாகவோ தெரியும். ஆகவே நோய் உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடப்படுகிறது. தோல் நிறத்தை வகைப்படுத்த ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த அளவுகோலே வெள்ளைத் தோலை மனத்தில் கொண்டு உருவானது. பழுப்பும் கறுப்பும் பின்னர் சேர்க்கப்பட்டன. கருநிறத் தோலில் நோய்க்குறிகள் எவ்வாறு தெரியும் என்பதைப் படங்களுடன் காட்டும் கையேட்டை 2020-இல் லண்டனில் தயாரித்தவர்களுள் முன்னின்றவர் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர். இதற்கு ஒரு மாணவர் வேண்டியிருந்தது என்பதை என்னவென்று சொல்வது? அண்மையில்தான் லெப்ரிகிசுமாப், குசெல்குமாப் போன்ற மருந்துகளுக்கு வெள்ளையரல்லாதோரிடம் மட்டும் தனி ஆய்வுகள் நடத்தப்பட்டுள்ளன.

நம் தோலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அழற்சி தணிந்த பிறகும் கரும்படலம் பல மாதங்கள் நீடிக்கும். நோய் போய்விட்டது, நிறம் மட்டும் மீதமிருக்கிறது என்று யாரும் சொல்லாததால், நோயாளி களிம்பைத் தொடர்ந்து தடவுகிறார். மேலும், அடலிமுமாப் போன்ற மருந்துகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், முன்பரிசோதனை இன்றி இவற்றைத் தொடங்கவே கூடாது.

தொழிலும் சேர்ந்துகொள்கிறது. கடலூர் மாவட்டம் முந்திரிக்குப் பெயர் பெற்றது. முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும், ஒவ்வாமையையும் தூண்டும். சலவைத் துணிகளில் குறியிட ஒரு காலத்தில் பயன்பட்ட சேங்கொட்டையும் இதே தாவரக் குடும்பம்தான். பண்ருட்டி அருகே கொட்டை உடைக்கும் ஒரு பெண்மணி, கருத்து வெடித்த விரல்களைக் காட்டி, "இது கொட்டைக் கறைங்க சார், நோய் இல்ல" என்றார். நோயைத் தொழிலின் அடையாளமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ரசாயனங்களைத் தொடுவதால் வரும் தோல் அழற்சியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் மின்விசை உள்ள இடமாயின் பத்துப் பேர், இல்லையேல் இருபது பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. புதிய தொகுப்புச் சட்டம் இந்த எண்ணிக்கையை இரு மடங்காக உயர்த்தியிருக்கிறது. திண்ணையில் அமர்ந்து கொட்டை உடைப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். இவருக்கு முதல் தேவை கையுறை, ஊசிமருந்து அன்று.

இவர்கள் அனைவரும் முதலில் செல்லும் இடம் மருந்துக்கடை. அங்கே கிடைப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்த களிம்பு. படர்தாமரைக்கும் அதுவே, கரப்பானுக்கும் அதுவே, முகம் வெளுக்கவும் அதுவே. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். சில மாதங்களில் தோல் மெலிந்து, நோய் முன்னிலும் மூர்க்கமாகத் திரும்பும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைத்தெருவில் அந்த அறிவிக்கையின் சாயலைக்கூட நான் காணவில்லை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே அறிவுச் சமமின்மை நிலவும் மருத்துவம், மற்ற சந்தைகளைப் போல் இயங்காது என்று கென்னத் ஆரோ 1963-இல் எழுதினார். களிம்பு விற்பனை அதற்குக் கச்சிதமான சான்று.

தடை எங்கே? விலை ஒரு பகுதி மட்டுமே. காப்புரிமை முடிய முடிய அது குறைந்தே வரும். நாம் பணம் செலுத்தும் முறை பெரிய தடை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் ஐந்து லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கின்றன. ஆனால் இரண்டும் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையையும் உள்நோயாளிச் சிகிச்சையையும் சுற்றியே கட்டப்பட்டவை. செதில்படை உள்ளவர் படுக்கையில் விழுவதில்லை. இருபது, முப்பது ஆண்டுகள் நடமாடிக்கொண்டே, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டே, மருந்துக்குச் சொந்தப் பணத்தைச் செலவிடுகிறார். வாரம் இருமுறை, மும்முறை ஒளிச் சிகிச்சைக்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கு இங்கிருந்து செல்பவருக்குச் சிகிச்சைக் கட்டணத்தைவிடப் பேருந்துச் செலவும் இழக்கும் கூலியுமே பெரிது. அந்தச் செலவை எந்தக் காப்பீடும் கணக்கில் கொள்வதில்லை.

இத்தனை விலையுயர்ந்த மருந்துகளை அரசு எப்படித் தாங்கும் என்று கேட்கலாம். எல்லாருக்கும் அவை தேவையில்லை. சரியான நோயறிதல், ஈரப்பதம் காக்கும் களிம்பு, மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றிலேயே பலருக்குக் கட்டுப்படும். எஞ்சியோருக்கான மருந்தைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கினால் விலை மேலும் இறங்கும். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து அக்கழகம் செய்துவரும் வேலைதான் அது. புறநோயாளிகளின் நெடுங்கால மருந்துக்குக் காப்பீட்டில் சிறு ஆண்டு உச்சவரம்பு ஒன்றை வகுக்கலாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. தோல் நோய் அந்தப் பையில் இல்லை. மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டும் உண்ண வேண்டிய மாத்திரை. தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் எழுதித் தந்த பின் அதைச் சொல்லித்தரவும், இரத்தப் பரிசோதனைக்கான நாளை நினைவூட்டவும் ஒருவர் தேவை. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஏற்கெனவே அதே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்.