அடுப்பும் ஒரு கமத்தொழிற் கருவியே

மண்வெட்டியின் பிடி தளர்ந்தால் ஆப்பு இறுக்காமற் கமக்காரர் வயலுக்குச் செல்வதில்லை. வரம்பிலே நண்டுவளை கண்டால் அன்றே அடைத்துவிடுவர். ஆயின் அடுக்களையிலே அடுப்பின் குமிழ் தேய்ந்து, சுவர் வெடித்துப் புகை கக்கினாலும் பல மாதங்கள் பொறுத்திருப்பர். இது முறையன்று. நாள்தோறும் உழைக்கும் அடுப்பையும் ஒரு கமத்தொழிற் கருவியாகவே கொள்ளுதல் வேண்டும்.

பழுதடைந்த அடுப்பால் வரும் நட்டம் எளிதிற் கண்ணுக்குத் தெரிவதில்லை. பானையைத் தாங்கும் குமிழ்கள் தேய்ந்தால், பானைக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள வழி அடைபடும். புகை முன்வாயால் வெளிவரும். சுவர் வெடித்தாலோ வெப்பம் பானையைச் சேராது வீணாகும். விறகின் செலவு கூடும். அவ்விறகைச் சுமப்பவரும் அப்புகையைச் சுவாசிப்பவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களேயாவர். அருகிலிருக்கும் குழந்தைகளும் துன்புறுவர். 2022 ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது பல குடும்பங்கள் மீண்டும் விறகடுப்பையே நாடின என்பதையும் மறத்தலாகாது.

பழுது பார்த்தல் கடினமன்று. அடுப்பு நன்கு ஆறியபின் கரியைச் சுரண்டி, வெடிப்பை நீரால் நனைத்துக்கொள்க. உலர்ந்த சுவரிற் புதுமண் ஒட்டாது. கல் நீக்கிய களிமண்ணுடன் உமி கலந்து பிசைந்து அழுத்திப் பூசுக. தேய்ந்த குமிழ்கள் மூன்றையும் ஒரே உயரமாகத் திருத்துக. நிழலிற் பல நாள் உலரவிட்டு, முதலிற் சிறுதீயே மூட்டுக. சூடான அடுப்பில் நீர் ஊற்றுதல் கூடாது.

புதிய அடுப்பே வாங்கலாமே என்பர் சிலர். சூளையிற் சுட்ட ‘அனகி’ போன்ற இரட்டை அடுப்பில், தீயறைச் சுவர் ஊடுருவ வெடித்துவிட்டால் மாற்றுவதே சரி. அதன்மேல் மண் பூசுவது வீண் உழைப்பு. அப்போதும் சுற்றியுள்ள மண்கட்டு உறுதியாயின், உள்ளடுப்பை மட்டும் எடுத்துப் புதியதைப் பொருத்தலாம். ஆயின் பேணாதவர் வீட்டிற் புதிய அடுப்பும் விரைவிற் பழையதாகிவிடும்.

சிறுபோக அறுவடை முடிந்து, காலபோக மழை தொடங்குமுன் உள்ள வெயிற்காலமே இதற்கு ஏற்றது. கலப்பையைத் திருத்தும் நாளிலே அடுப்பையும் திருத்துக. வயலிலே சிந்தும் வியர்வைக்கு மதிப்புண்டெனின், அடுப்படியிலே சிந்தும் கண்ணீருக்கும் மதிப்புண்டு.