மூணு வருஷம்... எட்டே வெற்றி!



"இவன் தேறாத கேஸுப்பா!"

முதல் செமஸ்டரில் எனக்கு மூணு அரியர் விழுந்தபோது என் காதில் விழுந்த வாக்கியம் இது. சொன்னது வாத்தியார் இல்லை. பக்கத்து பெஞ்ச் நண்பன்தான்! அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வலியை மறைக்க அதைவிட லேசான வழி ஏது?

இதே பட்டத்தை 23 சீசன் சுமந்த ஒரு கல்லூரி அணி உண்டு. அமெரிக்காவில், சிகாகோ பக்கத்திலுள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அணி. அவர்கள் ஆடும் ஃபுட்பால் நம்ம கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் முரட்டு ஆட்டம். 1972 முதல் 1994 வரை ஒரு சீசனில்கூட அவர்களுக்குத் தோல்வியைவிட வெற்றி அதிகம் இல்லை. 1979-லிருந்து 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டம் தோல்வி!

1981-ல் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 61-14 என்று தோற்று, தொடர் தோல்வியில் புது 'சாதனை' படைத்தார்கள். அன்று மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அழவில்லை. மைதானத்தில் குதித்து, "நாங்கதான் படுமோசம்!" என்று கோஷம் போட்டுக் கொண்டாடினார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு நன்றாகவே புரிகிறது. நம்பி ஏமாறுவதைவிடக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். கேலி செய்பவனுக்கு நஷ்டமே கிடையாது.

1992-ல் கேரி பார்னெட் பயிற்சியாளராக வந்தார். வந்த உடனே, "இந்த அணியை ரோஸ் பவுலுக்குக் கொண்டு போவேன்" என்றார். ரோஸ் பவுல் என்பது கலிபோர்னியாவின் பாசடீனாவில் புத்தாண்டு சமயத்தில் நடக்கும் பெரிய போட்டி. நார்த்வெஸ்டர்ன் கடைசியாக அங்கே ஆடியது 1949-ல்! சரி, வாய்ச்சொல் வீரரா? முதல் சீசனில் 3 வெற்றி. அடுத்ததில் 2. அதற்கடுத்து மறுபடி 3. ஆக மூணு வருஷத்தில் 33 ஆட்டம், 8 வெற்றி, 24 தோல்வி, ஒரு டிரா.

மூணு வருஷம்! நம்ம டிப்ளமோ முழுசும் முடிந்துவிடும், நண்பர்களே. ஸ்கோரை மட்டும் பார்த்தவன் என்ன சொல்லியிருப்பான்? "தேறாத கேஸு!"

ஆனால் ஸ்கோர் போர்டில் தெரியாத வேலை நடந்துகொண்டிருந்தது. கல்லூரியை விட்டுத் தள்ளி, கெனோஷா என்ற ஊருக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி. புதுசு புதுசாகச் சேர்த்த பையன்கள் தோற்றுத் தோற்றே முதிர்ந்தார்கள்.

1995. முதல் ஆட்டத்திலேயே புகழ்பெற்ற நோட்ரடாம் அணியை 17-15 என்று சாய்த்தார்கள். அடுத்த ஆட்டம்? ஒஹையோவின் மயாமி அணியிடம் 30-28 தோல்வி! "பார்த்தியா, நான் சொல்லல?" என்று சொல்ல எத்தனை நாக்கு துடித்திருக்கும்! அதற்குப் பிறகு வரிசையாக ஒன்பது வெற்றி. 'பிக் டென்' சாம்பியன். 1996 ஜனவரி 1-ந் தேதி ரோஸ் பவுல் மைதானத்தில் நின்றார்கள். அங்கே 41-32 என்று தோற்றார்கள். அதனால் என்ன, சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களே!

முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 1998-ல் அதே அணி, அதே பயிற்சியாளர், 3 வெற்றி, 9 தோல்வி. ஒருமுறை கட்டிவிட்டால் போதும் என்பதில்லை. கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"அப்போ எல்லாத் தோத்தாங்குளியையும் நம்பணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. வேலையே நடக்காத இடத்தில் நம்பிக்கை வைப்பது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி. ஆனால் விடியற்காலையில் ஒருத்தன் எழுந்து உழைப்பது கண்ணுக்குத் தெரிந்தால், ரிசல்ட் வரும்வரை காத்திருந்து கை தட்டாதீர்கள். தோற்கும்போதே தட்டுங்கள். ஜெயித்தபின் கை தட்ட ஊரே வரும்!

என் மூணு அரியரில் இரண்டு போய்விட்டது. கணக்கு மட்டும் பாக்கி. ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எனக்குக் கணக்கு சொல்லித் தருவது யார் தெரியுமா? அன்று "தேறாத கேஸு" என்ற அதே பக்கத்து பெஞ்ச் நண்பன்தான்!

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்