அணுப் பொறியியல் வகுப்புக்கு மட்டும் ஏன் விலக்கு?

மத்திய கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான 2006-ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் என்றதும், பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் வந்த கதைதான் பலருக்கு நினைவுக்கு வரும். பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் என்பதும் அதே சட்டத்தின் 3-வது பிரிவில்தான் இருக்கிறது. இந்தப் பிரிவு யாரையெல்லாம் கட்டுப்படுத்தாது என்பதை 4-வது பிரிவு சொல்கிறது. சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அதற்கென ஓர் அட்டவணை. அதில் முதல் பெயர், மும்பையிலுள்ள ஹோமி பாபா தேசிய நிறுவனம். அதன் உறுப்பு நிறுவனங்களில் ஒன்று, நம் கல்பாக்கத்தில் இருக்கும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்.

ஆய்வுக்கூடத்தில் இடஒதுக்கீடு எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோமி பாபா நிறுவனம் 2005-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. எம்.டெக்., முனைவர் பட்டங்களை வழங்குகிறது. டிராம்பேயில் 1957-இல் தொடங்கிய அணுசக்திப் பயிற்சிப் பள்ளியில் படிப்பவர்கள், மேற்கொண்டு ஆய்வுத்திட்டம் செய்து எம்.டெக். வாங்குவதும் இங்கேதான். இந்தியாவில் அணு உலையை வடிவமைக்கவும் இயக்கவும் ஆள் உருவாகும் முதன்மையான வாசல் இது. அந்த வாசலில்தான் சட்டப்படியான இடஒதுக்கீடு நிற்கிறது. நிறுவனம் தானாக முன்வந்து இடம் தரலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் தந்தால் அது கருணை. தராவிட்டால் கேட்க நமக்குச் சட்டப் பிடி இல்லை.

தரம் கெட்டுவிடும் என்பது பழைய பல்லவி. ஐ.ஐ.டி.களில் 1973 முதல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடு உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் அணுப் பொறியியலும் தொழில்நுட்பமும் பாடமாக நடத்தப்படுகிறது. நியூட்ரான் கணக்கு, வெப்பக் கடத்தல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு எல்லாம் அங்கும்தான் கற்பிக்கப்படுகின்றன. கான்பூரில் இடஒதுக்கீட்டோடு நடத்த முடிகிற பாடத்தைக் கல்பாக்கத்தில் நடத்த முடியாதா?

அணு உலையே வேண்டாம் என்கிற தோழர்களும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. உலையை ஆதரிக்கவும் எதிர்க்கவும் கதிர்வீச்சு அளவைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-இல் மின்சாரம் தரத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சுற்றுக் கிராமங்களின் சேரிகளிலிருந்து ஒப்பந்தக் கூலியாக உள்ளே போகிறவர்கள் உண்டு. அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் அணுப் பொறியாளராகி, ஆய்வு அறிக்கையை ஊர்க்கூட்டத்தில் தமிழில் விளக்கினால், அதிகாரிகள் பேசுகிற தொனியே மாறும்.

1942-இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில், சட்டப் படிப்பும் கலைப் படிப்பும் மட்டும் பட்டியல் சாதியினரை உயர்த்திவிடாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதற்கு அரசு செலவு செய்ய வேண்டும் என்று கேட்டார். வெள்ளைக்கார அரசிடமே கேட்ட கேள்வி அது.

2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2024-இல் இருந்தது சுமார் 8 ஜிகாவாட். இவ்வளவு பெரிய விரிவுக்குப் பல்லாயிரம் பொறியாளர்கள் தேவைப்படுவார்கள். இடங்கள் நிரம்பிய பிறகு கதவைத் தட்டிப் பயனில்லை.

மாணவர்களுக்கு ஒரு தகவல். பயிற்சிப் பள்ளிக்கு இயந்திரவியல், வேதிப் பொறியியல், மின்னியல் போன்ற பிரிவுகளில் பி.இ. படித்தவர்களும், இயற்பியல், வேதியியலில் எம்.எஸ்சி. படித்தவர்களும் 60 சதவீத மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். கேட் மதிப்பெண் அல்லது இணையவழித் தேர்வு, பிறகு நேர்முகத் தேர்வு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. வயது வரம்பிலும் தளர்வு உண்டு. அட்டவணை திருந்தட்டும் என்று காத்திராமல் இப்போதே எழுதுங்கள்.

அட்டவணையைத் திருத்த நாடாளுமன்றத்தில் புதுச் சட்டம் தேவையில்லை. மத்திய அரசு அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டால் போதும் என்று அதே 4-வது பிரிவு சொல்கிறது. கல்பாக்கம் அடங்கிய காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி, தனித் தொகுதி. இதுவரை இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று ஆண்டுவாரியாகக் கணக்குக் கேட்டு, வரும் கூட்டத்தொடரிலேயே அந்தத் தொகுதி உறுப்பினர் கேள்வி எழுப்பட்டும்.