கணினி வந்தது, தமிழ் வந்ததா?

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் நடத்தும் ஒருவர் புதிய வட்டப் பின்னற்பொறி ஒன்றை வாங்க எண்ணினால், விற்க வந்தவனை எளிதில் விட்டுவிடமாட்டார். பொறியின் விட்டம் என்ன, ஓர் அங்குலத்திற்கு எத்தனை ஊசி, எந்த நூலை ஏற்றினால் எந்தத் துணி இறங்கும், ஊசி ஒடிந்தால் மாற்றூசி எங்கே கிடைக்கும், நள்ளிரவில் பொறி நின்றுபோனால் வந்து பார்ப்பவன் யார், அதனை ஓட்டத் தெரிந்த ஆள் ஊரில் இருக்கின்றானா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பார். விடை நிறைவாக இருந்தாலன்றிக் கைப்பணத்தை அவிழ்க்கமாட்டார். இந்தக் கூர்ங்கருத்தே நொய்யற் கரையில் இருந்த ஒரு சிற்றூரை உலகிற்கு ஆடை வழங்கும் பேரூராக்கிற்று.

இவ்வளவும் கேட்டு வாங்கும் அதே பெருமகனார், தாம் படித்த ஊர்ப்பள்ளிக்குப் பத்துக் கணினிகள் வாங்கிக் கொடுக்க முன்வரும்பொழுது, விலையொன்றை மட்டுமே கேட்கின்றார். பெட்டிகள் வந்திறங்குகின்றன, திறப்பு விழா நடக்கின்றது, சுவரில் பெயர்ப்பலகை பதிகின்றது. அப் பெட்டிகளின்முன் அமரப்போகும் பிள்ளையிடம் அவை எந்த மொழியில் பேசும், பிள்ளை எந்த எழுத்தால் அவற்றோடு பேசும், கற்பிப்பவர் யார், பழுதானால் செப்பனிடுஞ் செலவு யாருடையது என்று கேட்பாரில்லை. கொடையாளர் மட்டுமல்லர், கோடி கோடியாகச் செலவிடும் அரசுகளும் இவ் வினாக்களை முழுமையாக எழுப்பியதில்லை. பனியனுக்குக் காட்டும் கருத்தைப் பள்ளிக்குக் காட்டாமற் போனதன் விளைவை இன்றைய தலைமுறை சுமக்கின்றது.

கணினி எம்மொழிக்கும் பொதுவான பொறிதானே என்பார் உளர். பொறி பொதுவானதே, அதன் முகமும் விசைப்பலகையும் பொதுவானவையல்ல. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் தமிழ்ப்பிள்ளை ஒன்று ‘அம்மா’ என்று எழுதக் கணினிமுன் அமர்கின்றது. பரவலாகப் பழக்கப்படும் ஒலிபெயர்ப்பு முறையில், அது முதலில் ஆங்கில ‘ஏ’யையும், பின்னர் ‘எம்’மை இருமுறையும், மீண்டும் ‘ஏ’யை இருமுறையும் தட்டித்தான் தன் தாயை அழைக்க வேண்டியுள்ளது. ‘ழ’கரத்திற்கு எந்த ஆங்கில எழுத்துகள் என்று தேடி விழிக்கின்றது. உள்ளத்தில் தோன்றிய தமிழ்ச்சொல் ஆங்கில எழுத்துகளாக உடைந்து, விரல் வழியே இறங்கி, திரையில் மீண்டும் தமிழாக ஒட்டப்படுகின்றது. பத்தாண்டு இவ்வாறு பழகிய பிள்ளைக்குத் தன் எழுத்தே வேறோர் எழுத்தின் நிழலாகத் தோன்றாதா?

இக்கேட்டிற்கு மாற்று இல்லையெனின் பொறுத்துக் கொள்ளலாம். மாற்று இருக்கின்றது, கால் நூற்றாண்டாகவே இருக்கின்றது. 1999-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் சென்னையில் நடந்த ‘தமிழிணையம் 99’ மாநாட்டின் பயனாக உருவாகி, அவ்வாண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டரசால் ஏற்கப்பட்டதே ‘தமிழ் 99’ விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் புறத்திலும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் புறத்திலும் அமைய, உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் தமிழ் நெடுங்கணக்கின் முறையையே அது விரலுக்குக் கற்றுத் தருகின்றது. அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல், ‘அம்மா’ வந்துவிடும். இடையில் வரும் புள்ளியைப் பொறியே இட்டுக்கொள்கின்றது. பின்னர், 2010-ஆம் ஆண்டு சூன் திங்களில் திருப்பூருக்கு அண்மையிலுள்ள கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபொழுது, கணினியில் தமிழெழுத்துகளுக்குரிய பொதுக்குறியீடாக ஒருங்குறியை அரசு ஏற்றறிவித்தது. ஆகவே விசைப்பலகையும் உண்டு, குறியீடும் உண்டு, ஆணையும் உண்டு. அவை பள்ளிப் பிள்ளையின் விரலுக்கு வந்து சேராமையே குறை.

வந்து சேராமைக்குக் கரணியம், தொடக்கத்திலிருந்தே பொறியைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிள்ளையை எண்ணாமையாகும். 1984-85-இல் நடுவணரசு பள்ளிகளுக்குக் கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபொழுது, பிரித்தானிய அக்கார்ன் நிறுவனத்தின் பி.பி.சி. நுண்கணினியே தெரிந்தெடுக்கப்பட்டது. அந்நாட்டுப் பிள்ளைகளுக்காக அந்நாட்டு மொழியில் வடிக்கப்பட்ட பொறி அது. அங்கே அது தாய்மொழிப் பொறி. இங்கே அயன்மொழிப் பொறி. இவ் வேறுபாட்டை அன்று எண்ணிப் பார்த்திருப்பின், பின்வந்த நாற்பதாண்டு வேறாயிருந்திருக்கும்.

2011-ஆம் ஆண்டு செபுதம்பர் 15-ஆம் நாள் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டில் 68 இலக்கம் மாணவர்க்கு வழங்குவதாக அறிவித்து, முதலாண்டிற்கு மட்டும் 912 கோடி உருபா ஒதுக்கப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளையின் மடியில் கணினி அமர்ந்தது பெருஞ்செயலே. அதனைக் குறைகூற யார்க்கும் உரிமையில்லை. அக் கணினிகளில் மைக்ரோசாப்ட்டு நிறுவனத்தின் விண்டோசும், நடுவணரசின் ‘சி-டாக்’ நிறுவனம் சென்னையில் ஆக்கிய ‘பாசு’ என்னும் இலினக்சு இயங்குதளமும் அருகருகே இடப்பட்டிருந்தன. இரண்டாவது, தமிழ் முகங் காட்டவல்லது. உரிமத் தொகை கேளாதது. ஆனால் அதனைத் திறந்து காட்ட ஓர் ஆசிரியரில்லாத பள்ளியில், அது பூட்டிய பெட்டியிலிட்ட பொன்னேயன்றி வேறென்ன?

அண்டையிலுள்ள கேரளம் வேறு வழியில் நடந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிக் கணினிக் கல்வியைத் தொடங்கிய அம் மாநிலம், படிப்படியாகத் தன் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிற்று. பிறன் ஆக்கிய இயங்குதளத்திற்கு ஆண்டுதோறும் உரிமத் தொகை கட்டுவதை விடுத்துத் தன் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தது. தன் பாடத்திற்கும் தன் மொழிக்கும் ஏற்ப இயங்குதளத்தைத் திருத்திக் கொண்டது. 2019-இல் இரண்டு இலக்கத்திற்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகள் இவ்வாறு இயங்குமென்றும், அதனால் 3,000 கோடி உருபா மீதமாகுமென்றும் அதற்குரிய அரசு நிறுவனம் கணக்குரைத்தது. மலையாளம், எண்ணிக்கையில் தமிழினும் சிறிய மொழி. அம் மொழியார்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

இன்னொன்றும் எண்ணத் தக்கது. 2024-இல் தமிழ்நாட்டரசு 22,931 திறன்மிகு வகுப்பறைகளையும், எண்ணாயிரத்திற்கு மேற்பட்ட பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களையும் அமைக்கும் பணியைக் கொடுத்தது கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனத்திற்கு. ஆசிரியர்க்குரிய கையடக்கக் கணினிகளையும் சேர்த்து அப் பணியின் மதிப்பு 1,076 கோடி உருபா. தனியார் கொள்ளையினும் அண்டை மாநிலத்தின் பொதுத்துறை நன்றே. ஆயினும் தமிழ்நாட்டிற்கு 1977 முதலே எல்காட் என்னும் தன் மின்னணு நிறுவனம் உண்டு. தன் வீட்டுத் தறியைத் தூசடைய விட்டுவிட்டு அடுத்த வீட்டில் துணி வாங்குபவன், அடுத்த வீட்டானைக் குறைசொல்லிப் பயனில்லை.

இனிப் பணத்தைப் பற்றிய பேச்சு. பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்குரிய செலவில் ஒருபகுதி, ‘ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி’த் திட்டத்தின் வழியே வருவது, அதில் நடுவணரசின் பங்கு நூற்றுக்கு அறுபது. பி.எம். சிறீ பள்ளித் திட்டத்திற்குக் கையெழுத்திட்டு 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்றாலன்றித் தொகையில்லை என்று கூறி, 2024-25-ஆம் ஆண்டிற்குரிய ஏறத்தாழ 2,152 கோடி உருபாவை நடுவணரசு நிறுத்தி வைத்தது. அக் கொள்கையின் உள்ளிருப்பது மும்மொழித் திட்டம். 2025 மே திங்களில் தமிழ்நாட்டரசு உச்ச நயன்மன்றத்தில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. தமிழர் கட்டிய வரியிலிருந்து தமிழ்ப்பிள்ளைக்கு வரவேண்டிய தொகையை, மொழிக்கொள்கையைக் கைவிட்டால் தருவேன் என்பது எவ்வகை நயன்மை? பள்ளிக் கருவியும் மொழியுரிமையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதை இதனினும் தெளிவாக எவரும் காட்ட முடியாது.

அரசுப் பணம் தடைப்படுங்கால் ஊரார் பணம் கைகொடுக்க வேண்டும். திருப்பூர் அதற்கு வல்லது. ஓராண்டு நிகர ஊதியம் ஐந்து கோடி உருபாவும் அதற்கு மேலும் ஈட்டும் குழுமங்கள், முந்தைய மூன்றாண்டு நிரவல் ஊதியத்தில் நூற்றுக்கு இரண்டைப் பொதுநலப் பணிக்குச் செலவிட வேண்டுமென்று 2013-ஆம் ஆண்டின் குழுமச் சட்டம் கூறுகின்றது. இத்தகு கொடைகளைப் பள்ளிகளுக்குத் திரட்ட 2022 திசம்பரில் தமிழ்நாட்டரசு ஒரு திட்டந் தொடங்கிற்று. அதன் பெயரே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’. பள்ளி என்னும் ஈராயிரமாண்டுச் சொல் கையிலிருக்க, அதன் முன்னே ‘ஸ்கூல்’ எதற்கு? பெயரிலேயே ஆங்கிலத்திற்கு முதலிருக்கை தந்த பின்னர், கொடையாளர் வாங்கித்தரும் கணினியில் தமிழ் இல்லையே என்று வருந்துவது எங்ஙனம்?

கொடை வேண்டும்; கொடையொன்றையே நம்புதல் கூடாது. 2025 ஆகத்துத் திங்களில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் 50 விழுக்காட்டு வரி விதித்தபொழுது, திருப்பூரின் ஏற்றுமதியாளர் நெஞ்சங் கலங்கினர். கடல் கடந்த ஒருவன் இடும் கையெழுத்தால் ஆட்டங் காணும் ஊதியத்தின்மேல் ஊர்ப்பள்ளியின் கல்வியைக் கட்டிவைக்க முடியாது. அடிப்படைச் செலவு அரசின் கடமை. கொடை அதற்கு மேலுரமே.

வாங்கும்பொழுது எண்ணாத செலவு பின்னர் வந்தே தீரும் என்பதைத் திருப்பூரைவிட அறிந்த ஊர் வேறில்லை. சாயக்கழிவைத் தூய்மை செய்யும் செலவைக் கணக்கிற் சேர்க்காமல் நொய்யலில் விட்டதன் விளைவாக, 2011 சனவரியில் சென்னை உயர் நயன்மன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அன்று விழுந்த அடி எளிதில் ஆறவில்லை. பள்ளிக் கணினியும் அத்தகையதே. வாங்கும் விலை அதன் செலவில் ஒரு பகுதியே. மின்சாரம், இணையம், பழுதுபார்ப்பு, உரிமத் தொகை, கற்பிப்பார் சம்பளம் என ஆண்டுதோறும் வளர்வது மறுபகுதி. 1999-ஐ ஒட்டி மேல்நிலைப் பள்ளிகளில் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட கணினிப் பயிற்றுநர்கள், நிலைத்த பணிக்காகப் பல்லாண்டு நயன்மன்றப் படியேறியிறங்கினர். பொறிக்குப் பணமுண்டு, ஆசிரியர்க்கு இல்லை என்பது, பின்னற்பொறி வாங்கிவிட்டு ஓட்டுபவனுக்குக் கூலி மறுப்பது போன்றது.

‘திருப்பூரின் வாணிகக் கடிதமெல்லாம் ஆங்கிலத்தில், பிள்ளைக்கு ஆங்கிலக் கணினிதானே சோறு போடும்’ என்று கேட்பார் சிலர். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்கட்டும், தடுப்பாரில்லை. ஆனால் அவர்தம் பின்னற்கூடத்தில் ஓடும் பொறியின்மேற் பொறித்துள்ள நாட்டின் பெயரைச் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். செருமனி, சப்பான், தைவான் என்றிருக்கும். அப் பொறிகளை வடித்தவர்கள் தத்தம் தாய்மொழியிற் கணக்கும் பொறியியலும் கற்றவர்கள். தாய்மொழியில் எண்ணியவன் பொறியை ஆக்கினான். பிறமொழியிற் குறிப்புப் படித்தவன் அதனை ஓட்டுகின்றான். திருப்பூர்ப் பிள்ளைகள் என்றென்றும் ஓட்டுநராகவே இருக்க வேண்டுமா?

ஆகவே, பள்ளிக்குக் கணினி வாங்கும் அரசும், வழங்கும் கொடையாளரும், ஒப்புக்கொள்ளும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சிலவற்றை உறுதியாகக் கொள்ளல் வேண்டும். திறக்கும் திரை தமிழில் இருத்தல் வேண்டும். விசைகளின்மேல் தமிழெழுத்துப் பொறித்திருத்தல் வேண்டும். தமிழ் 99 முறையே முதற்பாடமாக வேண்டும். உரிமத் தொகை கேளாத கட்டற்ற மென்பொருளையே முதலில் நாடல் வேண்டும். நிலைத்த ஆசிரியர் ஒருவரும், ஐந்தாண்டுப் பேணற் செலவும் கணக்கில் இடம்பெறல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் குறைந்தால் பெட்டிகளை இறக்காமல் திருப்பியனுப்பும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும்.

பெற்றோர் அக் குழுவின் உறுப்பினர். கேட்பது அவர்தம் உரிமை. அவிநாசியிலும் பல்லடத்திலும் காங்கேயத்திலும் உடுமலையிலும் அடுத்த கூட்டம் நடக்கும் நாளில், நாள்முழுதும் தையற்பொறிமுன் அமர்ந்து மீண்ட ஒரு தாய் எழுந்து, “என் பிள்ளை இதில் ‘அம்மா’ என்று எந்த எழுத்தில் எழுதும்?” என்று கேட்கட்டும். விடை கிடைக்கும்வரை அமராதிருக்கட்டும். அவ் வினா ஒவ்வொரு பள்ளியிலும் எழுமாயின், ஆணையேடுகளிற் கிடக்கும் தமிழ் பிள்ளைகளின் விரல்களுக்கு வந்து சேரும்.