பனிக்காலத்தில் பதறாதே!

நீந்த வேண்டும். கரை ஏறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். நடுவே ஓய்வு கிடையாது!

இப்படி ஒரு போட்டி இருக்கிறது. "டிரையத்லான்" என்று பெயர். 1974-ம் ஆண்டு அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் பிறந்தது. 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. அங்கே 1½ கிலோ மீட்டர் நீச்சல், 40 கிலோ மீட்டர் சைக்கிள், 10 கிலோ மீட்டர் ஓட்டம்.

இதில் கலந்து கொள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் பரிசுப் பணத்துக்காக ஓடுகிறவர்கள் அல்ல. வாத்தியார், குமாஸ்தா, நர்சு என்று ஆளுக்கு ஒரு வேலை உண்டு. குடும்பமும் உண்டு.

இங்கிலாந்து, கனடா போன்ற குளிர் நாடுகளில் இந்தப் போட்டிகள் கோடையில் நடக்கும். பனிக்காலத்தில் ஏரித் தண்ணீர் விறைக்கும். சாலையில் பனி உறைந்து சைக்கிள் சறுக்கும். மாலையில் சீக்கிரமே இருட்டி விடும். அந்த மாதங்களில் என்ன செய்வது?

இரண்டு தவறு

சிலர் போர்வைக்குள் புகுந்து விடுகிறார்கள். வெயில் வந்ததும் விட்டதைப் பிடிக்கப் பாய்கிறார்கள். காலில் வலி வந்து உட்காருகிறார்கள்.

வேறு சிலர், நாளைக்கே போட்டி என்பது போலப் பனியிலும் விரட்டுகிறார்கள். கோடை வருவதற்குள் களைத்துப் போகிறார்கள்.

இரண்டுமே தவறு. பனிக்காலம் தூங்கும் காலமும் அல்ல. பந்தயக் காலமும் அல்ல. உடம்பைப் பக்குவப்படுத்தும் காலம்.

ஏன்? பயிற்சி செய்தால் மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பலப்படும். மூச்சு இருக்கிறதே என்று ஓடினால் கால் தாங்காது.

ஆகவே, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். பேச்சு திணறினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சைக்கிளை வீட்டுக்குள் தாங்கியில் பொருத்தி மிதிக்கலாம். கூரை போட்ட குளத்தில் நீந்தலாம். நீச்சலில் பலத்தைவிடக் கைவீச்சுதான் முக்கியம். அதைத் திருத்த இதுவே நல்ல சமயம்.

செருப்புத் தொழிலாளி

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்று ஒருவர் இருந்தார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே ஓட்டப் பயிற்சி கொடுத்தவர். "முதலில் தூரம், பிறகு வேகம்" என்பது அவர் முறை.

அவருடைய சீடர் பீட்டர் ஸ்னெல் 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்றார். ஸ்னெல் வென்ற பந்தயம் வெறும் 800 மீட்டர். அதற்காகப் பயிற்சியில் அவர் ஓடியதோ ஒரே மூச்சில் 22 மைல்!

வீட்டையும் பாருங்கள்

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடை முழுவதும் இவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே கிளம்பி விடுகிறார்கள். அப்பாவோ அம்மாவோ எப்போது திரும்புவார் என்று குழந்தைகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். போட்டிகள் முடிந்ததும் முதல் சில வாரங்களை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் பலம் குறைந்துவிடாது. களைத்த உடம்புக்கும் அந்த ஓய்வு தேவை.

பதக்கம் ஒரு நாள் பெருமை. உடம்பும் வீடும் ஆயுள் முழுவதும் வேண்டியவை. பதறாத காரியம் சிதறாது!